இரண்டு சூத்திரங்கள் ஒன்றாகும் இடம்

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவர் டொப்ளர் விளைவுக்கென இரண்டு சூத்திரங்களை மனனம் செய்கிறார். ஒலியை எழுப்பும் பொருள் அசைந்தால் ஒன்று. கேட்பவர் அசைந்தால் இன்னொன்று. கடவையில் நிற்பவருக்குப் புகையிரதத்தின் ஊதல் நெருங்கும்போது உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பதை அந்தச் சூத்திரங்களில் இட்டு விடை எடுக்கிறார். புள்ளி கிடைக்கிறது, பாடம் அத்தோடு முடிகிறது. அந்த மாணவரின் ஊர் வாழைச்சேனையாக இருந்தால், அவருடைய வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் பலநாள் படகு ஒன்றுக்குள் இதே பாடத்தின் மறுபாதி செக்கனுக்குச் செக்கன் கணிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. படகின் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவி, தான் சமிக்ஞை பிடிக்கும் செய்மதிகளில் ஓடும் மணிக்கூடுகளின் நேரத்தைத் திருத்துவதுதான் அந்த மறுபாதி. அதை நாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தர வேண்டும். தமிழில், ஒலிப் பாடத்தின் தொடர்ச்சியாகவே சொல்லித் தர வேண்டும். அசையும் மணிக்கூடு மெதுவாக ஓடும் என்பது மேதைகளுக்கு மட்டும் எட்டும் புதிர் என்ற எண்ணம் நம் வகுப்பறைகளில் ஊறிப்போயிருக்கிறது. உயர்தர மாணவர் கையில் ஏற்கெனவே இருக்கும் அந்த இரண்டு சூத்திரங்களைக் கொண்டே அதை நிறுவிக் காட்ட முடியும்.

முதலில், எதற்காக இரண்டு சூத்திரங்கள்? பரீட்சைக்கு ஓடுகிறவர்களுக்கு இதைக் கேட்க நேரம் வாய்ப்பதில்லை, ஆனால் முழு விடயமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. ஒலி பயணம் செய்ய ஒரு ஊடகம் வேண்டும். நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தருகே மீன் பாடுவதைக் கேட்கப் போனவர்கள் துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் இறக்கி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார்கள் என்பது மட்டக்களப்பில் எல்லோரும் அறிந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கு வந்த எமர்சன் ரெனன்ற் அதைத் தன் நூலில் பதிந்தும் வைத்தார். நீருக்குள் பிறந்த அந்த நாதம் செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் வேகத்தில் நீர் வழியாக வந்து துடுப்பில் ஏறுகிறது. நாதத்தை எழுப்புவது நகர்கிறதா, கேட்பவரின் தோணி நகர்கிறதா என்று ஒரு வழக்கு எழுந்தால் அதைத் தீர்த்துவைக்க வாவி நீரே சாட்சி இருக்கிறது. நீரைப் பொறுத்து யார் அசைந்தார்கள் என்று பார்த்தால் போதும். இரண்டு நிலைமைகளும் உண்மையிலேயே வேறுபட்டவை, ஆகவே அவற்றுக்கு இரண்டு சூத்திரங்கள். காற்றில் வரும் ஊதலுக்கும் இதே நியாயம்தான்.

ஒளிக்கும் வானொலி அலைக்கும் அப்படியொரு சாட்சி கிடையாது. ஒளியைச் சுமக்கும் ஊடகம் ஒன்று வெளி முழுவதும் நிரம்பியிருக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டு நம்பியது. 1887இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கல்சனும் மோர்லியும் அந்த ஊடகத்தினூடாகப் பூமி நகர்வதை அளக்க முயன்றார்கள். எதிர்பார்த்த அளவு கிடைக்கவே இல்லை. 1905இல் ஐன்ஸ்டைன் அந்த ஊடகத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். அப்படியானால் செய்மதி நம்மை விட்டு விலகுகிறதா, நாம் செய்மதியை விட்டு விலகுகிறோமா என்ற கேள்விக்குத் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லையென்றால் இரண்டு சூத்திரங்களும் ஒரே விடையைத் தந்தாக வேண்டும். தருகின்றனவா என்று பார்ப்போம். ஒளியின் வேகத்தில் பத்தில் ஆறு பங்கு வேகத்தோடு ஒரு விண்கலம் விலகிப் போகிறது, தன் மணிக்கூட்டின்படி மணிக்கொரு துடிப்பை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அசைவது கலம்தான் என்றால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் அது இன்னும் 0.6 மணி நேர ஒளித்தூரம் தள்ளிப் போயிருக்கும், அடுத்த துடிப்பு அந்தத் தூரத்தையும் சேர்த்துக் கடக்க வேண்டும், ஆகவே 1.6 மணிக்கு ஒரு துடிப்பு நம்மை வந்தடையும். அசைவது நாம்தான் என்றால், துடிப்பு நம்மைத் துரத்திப் பிடிக்க வேண்டும், அது நெருங்கும் வேகம் ஒளிவேகத்தில் பத்தில் நாலு பங்குதான், இடைவெளி 2.5 மணியாகும். 1.6, 2.5 என்று விடைகள் முட்டிக்கொள்கின்றன.

இந்த முட்டலைத் தீர்க்க ஒரேயொரு வழிதான் உண்டு. அசையும் மணிக்கூடு 1.25 மடங்கு மெதுவாக ஓட வேண்டும். முதற்கணக்கில் அசைவது கலத்தின் மணிக்கூடு. அதன் ஒரு மணி நமக்கு 1.25 மணி, அதை 1.6ஆல் பெருக்கினால் 2. இரண்டாம் கணக்கில் அசைவது நம் மணிக்கூடு, 2.5 மணி கழியும்போது அது 2 மணியைத்தான் காட்டும். இரண்டு வழியாலும் விடை 2. இந்த 1.25 எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டப்பட்ட எண் அன்று: 2.5ஐ 1.6ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அதுவே வருகிறது. கலம் அதே வேகத்தில் திரும்பி வந்தால் அரை மணிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும்; அதையும் இரண்டு வழிகளாலும் கணித்துப் பார்க்கலாம், பொருந்தும். இங்கே பயன்பட்டதெல்லாம் கூட்டல், பெருக்கல், ஒரு வர்க்கமூலம். மனனம் செய்த இரண்டு சூத்திரங்கள் ஒன்றாகிவிட்டன. அவற்றை ஒன்றாக்கிய விலை, நேரம் எல்லோருக்கும் ஒரே சீராக ஓடுகிறது என்ற நம் பழைய எண்ணம். இவ்வளவு குறைந்த கணிதத்தில் இவ்வளவு பெரிய உண்மைக்குக் கொண்டுசெல்லும் பாடம் பௌதிகவியலில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது ஒன்று, நன்கு படித்தவர்களிடமிருந்தே வருவது. தூரத்தில் ஓடும் மணிக்கூட்டை நாம் நேரே பார்ப்பதில்லை, அது அனுப்பும் சமிக்ஞையைத்தான் பார்க்கிறோம். சமிக்ஞை வந்துசேரத் தாமதமாகிறது. அந்தத் தாமதம் கூடிக்கொண்டு போவதால் மணிக்கூடு மெதுவாக ஓடுவதுபோலத் தோன்றுகிறது, அவ்வளவுதான் என்பார்கள். இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. விலகும் கலத்தின் துடிப்புகள் தள்ளித் தள்ளி வருவதில் பெரும்பங்கு தாமதத்தினால்தான்; மேற்சொன்ன கணக்கில் 1.6 அந்தப் பங்கு. ஆனால் தாமதம் மட்டுமே காரணமாயிருந்தால், நெருங்கி வரும் கலத்தின் மணிக்கூடு எவ்வளவு வேகமாகத் தோன்ற வேண்டும் என்பதும் அதே கணக்கிலிருந்து வந்துவிடும்: 0.4 மணிக்கு ஒரு துடிப்பு. உண்மையில் வருவது 0.5. தாமதத்தின் பங்கு திசையைப் பொறுத்துக் குறி மாறுகிறது. மணிக்கூடு மெதுவாவதன் பங்கு போகும்போதும் வரும்போதும் அதே 1.25தான். ஆகவே இரண்டையும் பிரித்தெடுக்க முடியும். பிரித்தெடுத்தும் காட்டியிருக்கிறார்கள்.

1976 யூன் 18ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியாக் கரையிலுள்ள வொலொப்ஸ் தீவிலிருந்து ரொபேர்ட் வெசொற், மார்ட்டின் லெவைன் ஆகியோரின் குழு ஒரு ஹைட்ரஜன் மேசர் மணிக்கூட்டை ரொக்கெட்டில் வைத்துச் செங்குத்தாக மேலே அனுப்பியது. அது 10,000 கிலோமீற்றர் உயரம் வரை ஏறி, இரண்டு மணி நேரத்துக்குள் அட்லாண்டிக்கில் வந்து விழுந்தது. பயணம் முழுவதும் அது தன் சமிக்ஞையைக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தது. அதே வேளையில் தரையிலிருந்து போன இன்னொரு சமிக்ஞையை வாங்கித் திருப்பியும் அனுப்பியது. போய்த் திரும்பும் சமிக்ஞை வழமையான டொப்ளர் பெயர்ச்சியை இரு தடவை சுமக்கிறது. ஆனால் அது தரையின் மணிக்கூட்டிலேயே புறப்பட்டு அங்கேயே வந்து முடிவதால் மேலேயிருந்த மணிக்கூட்டின் கதை அதில் இல்லை. அதில் பாதியை எடுத்து, மேலிருந்து வந்த சமிக்ஞையிலிருந்து கழித்தால் தாமதத்தின் பங்கு முழுவதும் போய்விடும். மறுப்பாளர் சொல்வது சரியென்றால் எதுவும் மிஞ்சக் கூடாது. மிஞ்சியது. வழமையான டொப்ளர் மீடிறனில் ஒரு இலட்சத்தில் சில பங்கு; மிஞ்சியது ஆயிரம் கோடியில் சில பங்கு. ஏவிய தொடக்கத்தில் வேகம் அதிகம், ஆகவே மணிக்கூடு மெதுவாக ஓடியது. உயரம் ஏற ஏற ஈர்ப்பு தளர்ந்தது. ஈர்ப்பு தளர்ந்த இடத்தில் மணிக்கூடு வேகமாக ஓடும் என்பது ஐன்ஸ்டைனின் பிற்காலக் கொள்கை. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்த ஒரு கணம் வந்தது, பிறகு ஈர்ப்பின் பங்கு மேலோங்கியது. அளந்தது கொள்கையோடு பத்தாயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்துக்குள் ஒத்துப்போனது.

சமிக்ஞையே வேண்டாம் என்பவர்களுக்கும் சான்று உண்டு. 1971 ஒக்டோபரில் ஹஃபேலே, கீற்றிங் என்ற இரு ஆய்வாளர்கள் நாலு சீசியம் மணிக்கூடுகளைச் சாதாரணப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றிவந்தார்கள்; ஒருமுறை கிழக்காக, மறுமுறை மேற்காக. திரும்பி வந்து, தரையிலேயே இருந்த மணிக்கூடுகளுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது, கிழக்கே போனவை சராசரியாக 59 நனோசெக்கன் பின்தங்கியிருந்தன, மேற்கே போனவை 273 நனோசெக்கன் முந்தியிருந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்த மணிக்கூடுகளுக்கு இடையில் சமிக்ஞைத் தாமதம் என்று சொல்ல எதுவும் இல்லை.

நேரம் என்பதே மனிதர் செய்துகொண்ட ஏற்பாடுதானே என்று சொல்வோர் இன்னொரு சாரார். இந்த மாவட்டத்தில் அந்தப் பேச்சுக்குத் தனி அர்த்தம் உண்டு. 1996இல் அரசாங்கம் இலங்கையின் நியம நேரத்தை முன்தள்ளியது. சில மாதத்தில் அது பழைய நேரத்துக்கு அரைமணி முந்தியதாக நிலைபெற்று, 2006 ஏப்ரல் வரை நீடித்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. வாவியின் எழுவான்கரையில் ஒரு நேரமும் படுவான்கரையில் இன்னொரு நேரமும் வழங்கிய காலத்தைக் கண்ட ஊர் இது. அந்த அரைமணி அதிகாரத்தின் ஏற்பாடு. வாவியைத் தோணியில் கடந்த எந்த மணிக்கூடும் அதனால் ஒரு நொடி தாமதிக்கவில்லை, முள்ளைக் கையால் திருப்பினால்தான் திரும்பியது. ஹஃபேலேயின் மணிக்கூடுகளின் முள்ளை யாரும் திருப்பவில்லை. நேரத்துக்குப் பெயரிடுவது நம் கையில் இருக்கிறது. நேரம் ஓடும் வீதம் அப்படி இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் வாதம் கேட்க ஆழமாக இருக்கும், உள்ளே ஒன்றும் இல்லை.

இனிக் கடலுக்கு வருவோம். 1957 ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபோது, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுகூடத்தில் வில்லியம் கயர், ஜோர்ஜ் வைஃபன்பாக் என்ற இரு இளைஞர்கள் அதன் ஒலியைப் பதிவுசெய்தார்கள். செய்மதி அடிவானத்தில் எழும்போது மீடிறன் சற்று உயர்ந்திருந்தது, தலைக்குமேல் கடக்கையில் சரிந்தது, மறையும்போது தாழ்ந்திருந்தது. அந்தச் சரிவின் வடிவத்தை மட்டும் வைத்தே செய்மதியின் பாதையை அவர்கள் கணித்துவிட்டார்கள். அவர்களுடைய மேலாளர் பிராங்க் மக்ளூர் அதைத் திருப்பிப் போட்டார்: தெரிந்த இடத்திலிருந்து தெரியாத பாதையைக் கணிக்கலாமென்றால், தெரிந்த பாதையிலிருந்து தெரியாத இடத்தையும் கணிக்கலாமே? கடலில் கப்பலின் இடத்தைச் செய்மதியால் அறியும் முதல் ஏற்பாடான டிரான்சிற் அப்படிப் பிறந்தது. நடுக்கடலில் ஆபத்திலுள்ள படகின் அபாயக் கருவி எழுப்பும் 406 மெகாஹேர்ட்ஸ் அழைப்பை வைத்து அதன் இடத்தைக் கண்டுபிடிக்க, 1982 முதல் இயங்கிய கொஸ்பாஸ்-சார்சாற் தாழ்பாதைச் செய்மதிகளும் இந்த டொப்ளர் சரிவையே நம்பின. ஒரே சரிவு செய்மதிப் பாதையின் இரு பக்கத்திலும் ஒவ்வோர் இடத்தைக் காட்டும்; எது உண்மையானது என்பதைப் பூமியின் சுழற்சி தரும் சிறு வேறுபாடோ அடுத்த செய்மதியோ தீர்க்கும். இதுவரை வந்ததெல்லாம் ஒலிப் பாடத்தின் முதற்பாதியாலேயே முடிந்தவை. மணிக்கூடு மெதுவாவது இங்கே இன்னும் தலைகாட்டவில்லை.

அது தலைகாட்டியது அணு மணிக்கூடுகள் வானத்துக்குப் போன பிறகு. ஜி.பி.எஸ். செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் செக்கனுக்கு 3.9 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகின்றன. வேகத்தால் அவற்றின் மணிக்கூடுகள் நாளொன்றுக்கு 7 மைக்ரோசெக்கன் பின்தங்கும். ஈர்ப்புத் தளர்வால் 45 மைக்ரோசெக்கன் முந்தும். மிச்சம் நாளொன்றுக்கு 38 மைக்ரோசெக்கன் முந்தல். 1977 யூன் 23இல் சீசியம் மணிக்கூட்டோடு என்.ரி.எஸ்.-2 என்ற சோதனைச் செய்மதி ஏவப்பட்டபோது, இந்தத் திருத்தம் உண்மையில் தேவைதானா என்று அந்தத் திட்டத்தோடு தொடர்புடைய சிலர் ஐயுற்றார்கள். ஆகவே திருத்தும் கருவியை உள்ளே வைத்து, அதை இயக்காமலே ஏவினார்கள். 20 நாட்கள் மணிக்கூட்டைத் தன்போக்கில் ஓடவிட்டு அளந்தார்கள். கொள்கை சொன்னது ஒரு இலட்சம் கோடியில் 446.5 பங்கு, அளந்தது 442.5. அதற்குப் பிறகே திருத்தியை இயக்கினார்கள். இன்று ஏவுவதற்கு முன்பே 10.23 மெகாஹேர்ட்ஸில் ஓட வேண்டிய மணிக்கூடு 10.22999999543 மெகாஹேர்ட்ஸுக்குத் தாழ்த்தி வைக்கப்படுகிறது. மேலே போனதும் அது நமக்குச் சரியான நேரத்தில் ஓடும்.

இங்கே ஐன்ஸ்டைனின் இந்தச் சார்புக் கொள்கையை ஆதரிப்பவர்களே செய்யும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். 38 மைக்ரோசெக்கனை ஒளிவேகத்தால் பெருக்கி, இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் படகின் இடம் நாளொன்றுக்கு 11 கிலோமீற்றர் பிழைத்துப்போகும் என்று எழுதுகிறார்கள். கேட்போரை அசத்தும் கணக்கு, ஆனால் சரியான கணக்கன்று. எல்லாச் செய்மதிகளின் மணிக்கூடுகளும் ஒரேயளவில் முந்தினால், படகிலுள்ள கருவி அதைத் தன் சொந்த மணிக்கூட்டின் பிழையாக எடுத்துக்கொண்டு ஒதுக்கிவிடும். நாலாவது செய்மதியைப் பார்ப்பதே அந்தப் பிழையைத் தீர்க்கத்தான். நல்ல கொள்கைக்கு மிகைப்படுத்திய சான்று தேவையில்லை. உண்மையான சான்று இதைவிடச் சிறியது, இதைவிட அழகானது. செய்மதிகளின் பாதைகள் முழுவட்டங்கள் அல்ல, சற்று நீள்வட்டமானவை. ஆகவே ஒவ்வொரு செய்மதியும் ஒரு சுற்றுக்குள்ளேயே சற்று விரைந்தும் தளர்ந்தும், சற்று உயர்ந்தும் தாழ்ந்தும் போகிறது. அதன் மணிக்கூடு அதற்கேற்ப முந்தியும் பிந்தியும் ஊசலாடுகிறது. மையவகற்சி 0.01 உள்ள பாதையில் அந்த ஊசல் இரு பக்கமும் 23 நனோசெக்கன், தூரத்தில் ஏறத்தாழ 7 மீற்றர். ஒவ்வொரு செய்மதிக்கும் இது வெவ்வேறாக இருப்பதால் ஒதுக்கிவிட முடியாது, முன்கூட்டியே சரிசெய்து வைக்கவும் முடியாது. அதனால் படகிலுள்ள கருவியே, செய்மதி அனுப்பும் பாதை விபரங்களிலிருந்து இந்தத் திருத்தத்தை ஒவ்வொரு முறையும் கணிக்கிறது. முகத்துவாரத்தில் மணல்திட்டுகளுக்கு நடுவே உள்ளே நுழையும் படகுக்கு 7 மீற்றர் சிறிய தூரமல்ல. வழமையான டொப்ளரும் அதே கருவிக்குள் வேலை செய்கிறது: கீழ்மேலாக 5 கிலோஹேர்ட்ஸ் வரை பெயர்ந்து வரும் சமிக்ஞையைத் தேடிப் பிடிப்பதற்கும், பெரும்பாலான கருவிகளில் படகின் வேகத்தைக் காட்டுவதற்கும். இரண்டு பாதிகளும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

2015 சனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனை வாங்குவதைத் தடைசெய்து, 2016 யூனில் அதை நீக்கியது. சர்வதேசக் கடலுக்குப் போகும் பலநாள் படகுகள் எங்கே நிற்கின்றன என்பதைச் செய்மதி வழியாகக் காட்டும் கருவிகளைப் பொருத்தியது அந்தத் தடையிலிருந்து வெளிவர எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று. இன்று ஒரு படகு எல்லை தாண்டியதா இல்லையா என்ற கேள்விக்கு விடை சொல்வது இந்தச் சமிக்ஞைகள்தான். கருவியைப் பயன்படுத்தக் கொள்கை எதற்கு, கடற்றொழிலாளிக்குச் சார்புக் கொள்கை தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று கேட்கலாம். கேட்பது நியாயமே, வலை வீசுகிறவர் எல்லோரும் வர்க்கமூலம் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கரையின் பிள்ளைகளில் சிலராவது அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்களாக வரவேண்டாமா? வழக்கில் சான்றாக வைக்கப்படும் ஓர் இடக்குறி எவ்வளவு நம்பத்தக்கது, எங்கே பிழைக்கலாம் என்று சொல்லக்கூடியவர் எப்போதும் வெளியூரிலிருந்துதான் வரவேண்டுமா?

தெரிந்த பௌதிகவியலை ஒரு மூலையில் மறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு விண்வெளி வரலாற்றிலேயே உதாரணம் இருக்கிறது. 1997 ஒக்டோபரில் ஏவப்பட்ட கசினி கலம், சனியின் நிலவான ரைற்றனில் இறங்க வேண்டிய ஹைகன்ஸ் ஆய்வியைச் சுமந்து சென்றது. இறங்கும்போது ஹைகன்ஸ் அனுப்புவதைக் கசினி வாங்கிப் பூமிக்கு அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் இடையில் செக்கனுக்கு 5.5 கிலோமீற்றர் ஒப்புவேகம். அதனால் வானொலி மீடிறன் பெயரும் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரியும், அதற்கு இடமும் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த மீடிறனோடு சேர்ந்து, அதன்மேல் ஏறிவரும் தரவுகளின் வேகமும் அதே விகிதத்தில் மாறும் என்பதற்கு வாங்கியில் போதிய இடம் வைக்கப்படவில்லை. பொரிஸ் ஸ்மெட்ஸ் என்ற ஐரோப்பிய விண்வெளி நிறுவனப் பொறியியலாளர் விடாப்பிடியாக நின்று, 2000 பெப்ரவரியில் பூமியிலிருந்தே டொப்ளர் பெயர்ச்சியோடு ஒரு போலிச் சமிக்ஞையைக் கசினிக்கு அனுப்பிச் சோதித்தார். தரவு குழம்பிப் போனது. கருவியை மாற்ற வழியில்லை. கலம் கோடிக்கணக்கான கிலோமீற்றர் தொலைவில். ஆகவே பாதையை மாற்றினார்கள்: ரைற்றனுக்கு 1,200 கிலோமீற்றர் அருகாகப் போகவிருந்த கசினியை 60,000 கிலோமீற்றர் விலக்கிவிட்டார்கள். ஹைகன்ஸ் கீழிறங்கிய வேளையில் கசினி அதைப் பக்கவாட்டில் கடக்க, ஒப்புவேகத்தின் நேர்க்கூறு குறைந்து, பெயர்ச்சி வாங்கியின் எல்லைக்குள் அடங்கியது. 2005 சனவரி 14ஆம் திகதி ரைற்றனின் தரையிலிருந்து படம் வந்தது. டொப்ளர் என்பது சமிக்ஞையின் நிறத்தை மட்டும் மாற்றுவதில்லை, அதிலுள்ள ஒவ்வொரு தாளத்தையும் ஒரே விகிதத்தில் நீட்டுகிறது என்ற ஒரு வரி அந்த வடிவமைப்பில் விடுபட்டிருந்தது. நம் பாடத்திலும் அந்த ஒரு வரி விடுபட்டிருக்கிறது. ஊதலின் சுருதி மாறுவதைச் சொல்கிறோம், ஊதலின் நீளமும் மாறும் என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொன்னால் சமிக்ஞையின் டொப்ளரிலிருந்து மணிக்கூட்டின் ஓட்டத்துக்குப் போவது ஒரே ஓர் அடி.

அயலில் நடப்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் நாவிக் செய்மதி வழிகாட்டி இந்திய எல்லைக்கு வெளியே 1,500 கிலோமீற்றர் வரை பயன்படுமாறு அமைக்கப்பட்டது; மட்டக்களப்பும் அதன் கடலும் அதற்குள் அடங்கும். அதன் முதற் செய்மதி 2013 யூலை 1இல் ஏவப்பட்டது. சில ஆண்டுகளில் அதிலிருந்த மூன்று அணு மணிக்கூடுகளும் பழுதாயின. அவை வெளிநாட்டில் வாங்கியவை. செய்மதி மேலே நலமாகச் சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் நேரம் சொல்லத் தெரியாததால் இடம் சொல்லவும் அதனால் முடியவில்லை. 2023 மே 29இல் போன என்.வி.எஸ்.-01 இந்தியாவிலேயே செய்த ரூபிடியம் மணிக்கூட்டைச் சுமந்து சென்றது. ஒரு மணிக்கூட்டைச் சொந்தமாகச் செய்வதற்கு ஒரு நாட்டுக்கு ஏன் இவ்வளவு முனைப்பு என்பது, மேலே நடந்த கணக்கைப் பார்த்தவருக்கு விளங்கும்.

பாடத்திட்டம் ஏற்கெனவே கனத்துப்போயிருக்கிறது, இதில் இன்னொரு அலகா என்று ஆசிரியர்கள் சலிப்பார்கள். அந்தச் சலிப்பை மதிக்கிறேன். புதிய அலகு எதையும் நான் கேட்கவில்லை. டொப்ளர் பாடத்தின் முடிவில் இரண்டு பாடவேளைகள் போதும். முதலாவதில் 1.6, 2.5 என்ற அந்த முட்டலும் அதன் தீர்வும். இரண்டாவதில் ஜி.பி.எஸ். செய்மதியின் பாதை விபரங்களை எடுத்து ஊசல் திருத்தத்தைக் கையால் கணித்தல். அந்த விபரங்கள் எவரும் பெறும்படி பகிரங்கமாக வெளியாகின்றன. பரீட்சையில் கேட்கப்படாததை மாணவர் படிக்கமாட்டார் என்பது உண்மை. ஆகவே பரீட்சையிலும் கேட்க வேண்டும். தமிழில் இதற்குச் சொல் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இந்த மண்ணுக்குத் தனி உரிமை உண்டு. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராவதற்கு முன் விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞான ஆசிரியர். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் சுரங்களை எண் விகிதங்களாகப் பிரித்துக் கணித்தவர். சுரத்தின் விகிதத்தைத் தமிழில் கணிக்க முடிந்ததென்றால் சமிக்ஞையின் விகிதத்தையும் கணிக்கலாம். மீடிறன், அலைநீளம், ஒப்புவேகம், செய்மதி எல்லாம் நம் பாடநூல்களில் பழகிய சொற்கள். தமிழ்நாட்டில் மீடிறனை அதிர்வெண் என்பார்கள், அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் ஆசிரியர்கள் இருபது பக்கத்தில் ஒரு கைந்நூல் எழுதித் தந்தால் வேலை பாதி முடிந்துவிடும்.

செய்முறைக்கும் வழி உண்டு. பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், செக்கனுக்கு 7.7 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகிறது. இலங்கைப் பொறியியலாளர்கள் உருவாக்கிய இராவணா-1 சிறுசெய்மதி 2019 யூன் 17இல் அங்கிருந்துதான் வெளிவிடப்பட்டது. அந்த நிலையத்திலிருந்து 145.8 மெகாஹேர்ட்ஸில் அவ்வப்போது பயில்நிலை வானொலியாளருக்கான ஒலிபரப்பு வரும். கணினியில் செருகும் சிறு வானொலி வாங்கி ஒன்றும் ஒரு கம்பி அன்ரெனாவும், உரிய அனுமதியும் இருந்தால், கல்லடிக் கடற்கரையிலிருந்தே அதைப் பதிவுசெய்யலாம். அடிவானத்தில் எழும்போது மீடிறன் 3 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் உயர்ந்திருக்கும், பத்து நிமிடத்துக்குள் அதேயளவு தாழ்ந்து மறையும். 1957இல் கயரும் வைஃபன்பாக்கும் கண்ட அதே சரிவைத் திரையில் காணலாம். மணிக்கூடு மெதுவாவதை இந்தக் கருவியால் காண முடியாது என்பதையும் மாணவருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விண்வெளி நிலையத்தின் ஒலிபரப்பி அந்தளவுக்கு நிலையானதும் அல்ல. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டலாம். நிலையம் வாவிக்கு மேலே மிக அருகில் வரும் கணத்தில் அது நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. வழமையான டொப்ளர் அந்தக் கணத்தில் பூச்சியம். அந்தக் கணத்தில் புறப்பட்ட அலையை நல்ல அணு மணிக்கூட்டோடு ஒப்பிட முடிந்தால், 145.8 மெகாஹேர்ட்ஸுக்கு ஒரு ஹேர்ட்ஸின் இருபதில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவான ஒரு குறை மிஞ்சும். அதுதான் அங்கே மேலே நேரம் சற்று மெதுவாக ஓடுவதன் அளவு: நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 மைக்ரோசெக்கன்.